கூடை வலியா, முள்ளந்தண்டு வாதமா? மலையகத்தில் பெண்களும் ஆண்களும் கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா 32 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். எனக்கும் என் தம்பிக்கும் ஒரே நோய்: முள்ளந்தண்டையும் இடுப்பின் பின்மூட்டுகளையும் பிடிக்கும் அழற்சி வாதம். தம்பிக்கு வலி தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே நோயின் பெயர் தெரிந்துவிட்டது. எனக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே பஸ்ஸில் ஒரே ஊருக்குப் போய் மருந்து வாங்கியவர்கள். அந்த ஏழு ஆண்டுகள் எங்கே போயின என்று தேடியதில் சேர்ந்தவைதான் இந்தப் பதில்கள். நான் ஆசிரியை, வைத்தியர் அல்ல. மருந்து விஷயத்தில் உங்கள் வைத்தியர் சொல்வதே முடிவு.

இடுப்பு வலி எல்லோருக்கும்தான் வருகிறது. இது என்ன தனி நோய்?

நமக்குத் தெரிந்த இடுப்பு வலி பெரும்பாலும் தசை பிடித்ததாலோ, எலும்புத் தட்டு விலகியதாலோ, வயதால் தேய்ந்ததாலோ வருவது. இது வேறு. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூட்டையே தாக்குவதால் வருகிறது. முதலில் முள்ளந்தண்டின் அடியில், பிட்டத்துக்கு மேலே இரு பக்கமும் உள்ள மூட்டுகளில் அழற்சி தொடங்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ஆண்டுகள் போகப்போக முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, மூங்கில் கழி போல விறைத்துவிடும். மூட்டின் மாற்றம் எக்ஸ்ரேயில் தெரியும் வகைக்குத்தான் அங்கிலோசிங் ஸ்பொண்டிலைடிஸ் என்று பெயர். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலே வலியும் விறைப்புமாக இருக்கும் வகையும் உண்டு. இரண்டையும் சேர்த்து இன்று ஒரே குடும்பமாகப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கும். 45 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது அரிது.

நாள் முழுக்கக் கூடை சுமக்கிறேன். வலிக்கத்தானே செய்யும்?

வலிக்கும். ஆனால் கூடையால் வரும் வலிக்கு ஒரு நேர்மை உண்டு. சுமந்தால் கூடும், படுத்தால் குறையும். இந்த நோயின் வலி அப்படியே தலைகீழ். படுத்தால் கூடும், நடமாடினால் குறையும்.

நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது? பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகாத நாளில், கொஞ்சம் அதிகம் தூங்கி எழும்போது இடுப்பு இலேசாக இருந்தால் அது பெரும்பாலும் வேலை வலி. திங்கட்கிழமை மலையில் இருந்ததை விட ஞாயிறு காலையில் படுக்கையில்தான் உயிர் போகிறது என்றால் அதைச் சும்மா விடாதீர்கள்.

இன்னும் சில அடையாளங்கள்: மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, 40 வயதுக்கு முன் மெல்ல மெல்லத் தொடங்கிய வலி, பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து எழுந்து நடந்தால் தணியும் வலி, ஒரு நாள் வலது பிட்டம் மறுநாள் இடது பிட்டம் என்று இடம் மாறும் வலி, காலையில் அரை மணிக்கும் மேல் நீடிக்கும் விறைப்பு. எல்லாமே இருக்க வேண்டும் என்பதில்லை.

இது ஆம்பிளைகளுக்கு வரும் நோய் என்று ஒரு டொக்டரே சொன்னாரே?

அவர் படித்த புத்தகம் அப்படிச் சொல்லியிருக்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பத்து ஆணுக்கு ஒரு பெண் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பார்த்தால் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். எக்ஸ்ரேயில் மூட்டு கெட்டுப் போயிருந்தால்தான் நோய் என்று எடுத்துக்கொண்டார்கள். 1984இல் திருத்தி எழுதிய நியூயோர்க் அளவுகோலும் எக்ஸ்ரேயைத்தான் நம்பியது. எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்கு எலும்பு வளர்வது ஆண்களிடம் கூடுதல், வேகமும் கூடுதல். ஆண் உடம்பில் தெரிவதை நோயின் அடையாளமாக வைத்து எண்ணினால் ஆண்கள்தானே எண்ணிக்கையில் வருவார்கள்?

2009இல் எம்ஆர்ஐ ஸ்கேனையும் சேர்த்துப் புதிய அளவுகோல் வந்தது. அதற்குப் பிறகு படம் மாறிவிட்டது. எக்ஸ்ரேயில் தெரியும் வகையில் இன்றும் ஆண்கள் பெண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு. எக்ஸ்ரேயில் தெரியாத வகையில் ஏறக்குறைய சரிபாதி.

பெண்ணுக்கு மட்டும் நோயைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை ஆண்டுகள்?

என் வீட்டில் மட்டும் நடந்ததல்ல இது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த கணக்கில், வலி தொடங்கியதிலிருந்து நோய் உறுதியாகும் வரை ஆண்களுக்குச் சராசரி 6.5 ஆண்டுகள், பெண்களுக்கு 8.8 ஆண்டுகள். ஒரு பகுதிக் காரணம் உடம்பு. அதைக் கீழே சொல்கிறேன். மறுபகுதி நம் வீட்டுக் குசினியில் இருக்கிறது.

அம்மாவின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை மணிக்கு எழுவார். லயம் என்ற வரிசை வீட்டின் குசினியில் அடுப்பு மூட்டி, பீலியில் தண்ணீர் பிடித்து, மா பிசைந்து, ரொட்டி தட்டி, எங்களைக் குளிப்பாட்டி, சின்னவனைப் பிள்ளை மடுவம் என்ற தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி நேரம் நடமாடியாகிவிடும். நானும் கல்யாணத்துக்குப் பிறகு அப்படித்தான். முதல் ஒரு மணி நேரம் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வேன். விறைப்பு விடியுமுன்பே கரைந்துவிடும். பார்த்தவர் யாரும் இல்லை. தம்பி ஆறரை மணிக்கு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வருவதை லயமே பார்த்தது. "பையனுக்கு என்னவோ" என்று அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

டொக்டர் என்னிடம், "காலையில் விறைப்பு இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குக் காலை என்றால் வெளிச்சம் வந்த பிறகு. நாலரை மணி இரவோடு சேர்ந்தது. "ஓய்வெடுத்தால் குறைகிறதா?" என்று கேட்டார். எப்போது ஓய்வெடுத்துப் பார்த்தேன், பதில் சொல்ல? பொய் சொல்லவில்லை. கேள்விதான் என் நாளுக்குப் பொருந்தவில்லை.

கிளினிக்குக்குப் போவதென்றால் ஒரு நாள் சம்பளம் போகும். கொழுந்துக் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போகும் தாய், தன் இடுப்புக்காகப் போக மாட்டாள். போனாலும் இரத்தம் குறைவு, பிள்ளை பெற்ற உடம்பு, மனக்கவலை, நரம்புத் தளர்ச்சி என்று ஏதாவதொன்றோடு திரும்பி வருவாள். எனக்கு நாலும் கிடைத்தன.

சரி, உடம்பளவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்னதான் வித்தியாசம்?

ஆண்களுக்கு முள்ளந்தண்டில் புதிய எலும்பு வளர்ந்து ஒட்டுவது அதிகம். இரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சி அளவும் கூடுதலாக இருக்கும். வலி இடுப்பில் நிலைத்து நிற்கும்.

பெண்களுக்கு வலி பரவும். கழுத்து, தோள், விலா, குதிகால், முழங்கால் என்று எல்லா இடத்திலும் பேசும். தசைநாண் எலும்பில் சேரும் இடங்களில் அழற்சி அதிகம்; காலையில் குதிகாலை ஊன்ற முடியாதது அதனால்தான். களைப்பும் தூக்கமின்மையும் கூடுதல். குடல் அழற்சி சேர்ந்து வருவதும் பெண்களிடம் சற்று அதிகம். சிஆர்பி பல பெண்களுக்குச் சாதாரணமாகவே இருந்துவிடும். இப்படி மேலெல்லாம் வலிப்பதால் "ஃபைப்ரோமயால்ஜியா" என்று, அதாவது உடம்பெல்லாம் தசை வலிக்கும் வேறொரு நோய் என்று எழுதி அனுப்புவதும் நடக்கிறது. அந்த நோயும் உண்மையானதே, இரண்டும் சேர்ந்து இருக்கவும் கூடும். ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடாமல் விடுவதுதான் தவறு.

எலும்பு குறைவாக ஒட்டுவதால் பெண்ணுக்கு நோய் இலேசு என்று நினைத்துவிடாதீர்கள். வலியையும் அன்றாட வேலையின் சிரமத்தையும் கேட்டு அளக்கும் கணக்குகளில் பெண்களின் சுமை குறைவாக இல்லை, பல ஆய்வுகளில் கூடுதலாகவே வருகிறது.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் வலி. ஊசியால் வந்ததா?

மலையகத்தில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். ஊசி போட்ட இடம் சில நாட்கள் நோகலாம். ஆண்டுக்கணக்கில் வலிப்பதற்கு அந்த ஊசி காரணம் இல்லை. பிரசவம், பிள்ளை தூக்குதல், குனிந்து பால் கொடுத்தல், தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் இடுப்பைத் தளர்த்துகின்றன. இந்த நோய் தொடங்கும் வயதும் பிள்ளை பெறும் வயதும் ஒன்றாக இருப்பதால், பழி ஊசிமேல் விழுகிறது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கும் இதே பழி உண்டு. ஊசியைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கும் காலத்தில் நோய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரவில் எழுப்பும் வலியா, நடந்தால் குறையும் வலியா என்று பாருங்கள்.

இரத்தத்தில் ஒன்றும் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் நோய் இல்லையா?

இல்லை என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகும், சிலருக்குத் தெரியாமலே போகும். சிஆர்பி சாதாரணமாக இருப்பதும் நோயை விலக்காது. ஈஎஸ்ஆர் என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை எதிர்ப்பக்கம் ஏமாற்றும்: இரத்தச் சோகை இருந்தாலும் கர்ப்பமாக இருந்தாலும் அது தானாகவே கூடும்.

சந்தேகம் தீர எம்ஆர்ஐ உதவும், அதில் கதிர்வீச்சும் இல்லை. ஆனால் பிள்ளை பெற்ற சில மாதங்களுக்குள் எடுத்தால் கவனம் தேவை. பிரசவத்தில் இழுபட்ட மூட்டில் எந்த நோயும் இல்லாத தாய்க்குக்கூட நோய் போலவே வீக்கம் தெரியும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் மறைந்துவிடும். கடைசிப் பிரசவம் எப்போது என்பதை ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

பி27 என்று ஒரு பரிசோதனை சொல்கிறார்கள். என் மகளுக்கும் எடுக்க வேண்டுமா?

எச்எல்ஏ-பி27 என்பது ஒரு மரபணு. இந்த நோய்க்கும் அதற்கும் தொடர்பு இருப்பது 1973இல் தெரியவந்தது. அது இருக்கும் நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்குத்தான் நோய் வரும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் இருந்தால் அந்த வாய்ப்பு கூடும். அது இல்லாமலும் நோய் வரலாம். பெண் நோயாளிகளில் அப்படிப்பட்டவர் சற்று அதிகம்.

மகனுக்குத்தான் போகும், மகளுக்குப் போகாது என்பது கட்டுக்கதை. அது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இல்லை, ஆறாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மகனோ மகளோ, கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. வலி எதுவும் இல்லாத பிள்ளைக்குப் பரிசோதனை தேவையில்லை. பெண் பார்க்க வருகிற இடத்தில் இந்தக் காகிதம் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

பிள்ளை பெறலாமா? மருந்து என்ன ஆகும்?

பெறலாம். நான் இரண்டு பெற்றேன். கைவிரல் மூட்டுகளைப் பிடிக்கும் முடக்குவாதம் கர்ப்ப காலத்தில் பலருக்குத் தணியும். இந்த நோய் அந்தச் சலுகையைத் தருவதில்லை. நடுமாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் கூடக்கூடும்.

டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற வலி அழற்சி மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொல்கிறார்கள். பனிக்குட நீர் குறையக்கூடும், பிள்ளையின் இதயக் குழாய்க்கும் கேடு வரக்கூடும். சல்பசலசின் என்ற வாத மாத்திரையைப் போலிக் அமிலத்தோடு எடுக்கலாம். மெதோட்ரெக்சேட் என்ற இன்னொரு வாத மருந்து கூடவே கூடாது, கருத்தரிக்க எண்ணும்போதே நிறுத்த வேண்டும். அது முள்ளந்தண்டு வலிக்கு உதவுவதும் இல்லை.

டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசி போடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நம் நாட்டில் பிள்ளை பிறந்தவுடனே காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி போடுகிறார்கள். அது உயிருள்ள கிருமியால் ஆனது. தாய் கடைசி மாதங்களில் அடலிமுமாப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்றவற்றை எடுத்திருந்தால், பிள்ளைக்கு அதைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும். மிட்வைஃபிடமும் பிரசவ விடுதியிலும் முன்பே சொல்லி, கர்ப்பிணிக் கொப்பியில் எழுதி வைக்கச் செய்யுங்கள்.

இன்னொன்று. சல்பசலசின் ஆண்களின் விந்தணுவைக் குறைக்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கணவர் அந்த மாத்திரையில் இருந்தார். பிள்ளை தங்கவில்லை என்று இரண்டு ஆண்டுகள் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைக்கழித்தது மனைவியைத்தான்.

சிகிச்சை என்ன? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானா?

மருந்து ஒன்றுதான். முதலில் வலி அழற்சி மாத்திரை, வைத்தியர் சொன்ன அளவில், ஒழுங்காக. வலித்தால் ஒன்று, இல்லாவிட்டால் சும்மா என்று இருந்தால் பலன் தெரியாது. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகமும் கவனம். மலையில் தண்ணீர் குடிக்காமல், சிறுநீர் கழிக்க இடமில்லாமல் அடக்கிக்கொண்டு நாளை ஓட்டும் பெண்கள் இதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அதில் அடங்காவிட்டால் டிஎன்எஃப்பையோ, ஐஎல்-17 என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தையோ தடுக்கும் ஊசிகள். அவற்றுக்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

டிஎன்எஃப் ஊசிக்குப் பெண்களின் பலன் சராசரியாகக் குறைவு, பாதியில் நிறுத்துவதும் பெண்கள்தான் அதிகம். தாமதமாகத் தொடங்குவதற்கும் இதில் பங்குண்டு என்பது என் எண்ணம். ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று உண்டு. "பலனில்லை" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

உடற்பயிற்சி மருந்துக்குச் சமம். "நான் நாள் முழுக்க மலை ஏறுகிறேனே" என்பீர்கள். கொழுந்து பறிப்பது முன்னால் குனிந்து கைநீட்டும் வேலை. முதுகை நிமிர்த்தும், நெஞ்சை விரிக்கும் பயிற்சி அதில் இல்லை. பத்து நிமிடம் சுவரோடு நிமிர்ந்து நில்லுங்கள், குப்புறப் படுங்கள், ஆழ மூச்செடுங்கள். பீடி சிகரெட் முள்ளந்தண்டு ஒட்டுவதை விரைவுபடுத்தும்; இது ஆண்களுக்கு.

சுளுக்கு எடுப்பவரிடம் போகலாமா? எண்ணெய் தேய்க்கலாமா?

எண்ணெய், ஒத்தடம், சுடுநீர்க் குளியல் எல்லாம் இதமாக இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள். முதுகில் ஏறி மிதிப்பதும் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதும் வேண்டவே வேண்டாம். ஒட்டிய முள்ளந்தண்டு சுண்ணக்கட்டி போல முறியும்.

என் கணவர் வலியை வெளியே சொல்வதில்லை. குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்.

ஆண்களுக்கு நோய் சீக்கிரம் தெரியும் என்றேன். சீக்கிரம் சிகிச்சைக்குப் போவார்கள் என்று சொல்லவில்லை. என் தம்பி கவ்வாத்து வெட்டினான், கான் வெட்டினான். "இந்த வயதில் இடுப்பு வலியா?" என்ற கேலிக்குப் பயந்து இரண்டு ஆண்டு கிளினிக்கை விட்டான். அந்த இரண்டு ஆண்டில்தான் அவன் கழுத்து திரும்பாமல் போனது. இப்போது யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவான். சாராயம் வலியை மறைக்கும், மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும். அவரிடம் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியைக் கேளுங்கள். "வலிக்கிறதா" என்று கேட்காதீர்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

ஒரு கண் சிவந்து, நொந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் அன்றே கண் வைத்தியரிடம். இந்த நோயாளிகளில் நான்கில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இது வரும். கண்நோய் என்று தாய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தால் பார்வை போகலாம். கால் மரத்துப்போனால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு. மழையில் வழுக்கி விழுந்த பிறகு புதிதாக ஒரு வலி வந்தால், சின்ன விழுதலாக இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகுவலி முள்ளந்தண்டுக் காசநோயாகவும் இருக்கலாம்.

எங்கே போவது? போய் என்ன சொல்வது?

தோட்ட டிஸ்பென்சரியில் பனடோலோடு நிற்காதீர்கள். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் அனுப்புத் துண்டு வாங்கி வாதநோய் கிளினிக்குக்குப் போக வேண்டும். கண்டி தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது, இலவசம். ராகமையில் வாதநோய்க்கும் புனர்வாழ்வுக்கும் தனி வைத்தியசாலையே உண்டு.

"இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எத்தனை மணிக்கு இடுப்பு நிமிர்கிறது, இரவில் எத்தனை முறை வலி எழுப்புகிறது, ஞாயிறு எப்படி என்று ஒரு வாரம் கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இப்படி வலி, கண் சிவப்பு, சொரியாசிஸ், குடல் அழற்சி இருந்தால் அதையும். குதிகால் வலியை நீங்களாகச் சொல்லுங்கள், கேட்க மாட்டார்கள்.

வயதான அம்மாமார் கூனிப் போயிருப்பதும் இதனால்தானா?

பெரும்பாலும் எலும்பு மெலிவாலும் தேய்மானத்தாலும். எல்லோருக்கும் அல்ல. போன ஆண்டு அம்மாவைச் சுவரோடு நிறுத்தினேன். குதிகால் சுவரில் பட, முகத்தை நேராக வைத்துக்கொண்டு நின்றார். பின்தலை சுவரைத் தொடவில்லை. என் நான்கு விரல் இடைவெளியில் போயின. தையல் நாடாவை நெஞ்சைச் சுற்றிப் பிடித்து மூச்சை இழுக்கச் சொன்னேன். விரிய வேண்டிய அளவுக்கு விரியாமல் இரண்டு சென்ரிமீற்றரோடு நின்றது. எக்ஸ்ரேயில் இடுப்பின் பின்மூட்டுகள் இரண்டும் எப்போதோ ஒட்டி முடிந்திருந்தன. எத்தனை காலமாக வலி என்று டொக்டர் கேட்டார். "வலி என்று ஒன்றும் இல்லை ஐயா, கொழுந்துக்குப் போன உடம்பு" என்றார் அம்மா.